மூன்றாம் ஓலை

சென்ற வார அத்தியாயத்தில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு வெளியேறிய எலியேசர் எங்கே போனானோ என்று கவலைப்பட்டவர்கள் மூச்சு விடலாம். அவன் எங்கேயும் போகவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இரண்டு டீ குடித்தான். வாசகசாலையில் ஜெர்மன் சண்டைச் செய்தியை இரண்டு தடவை படித்தான். பசி எடுத்ததும் வீட்டுக்கு வந்துவிட்டான். கோபித்துக்கொண்டு போகிற பிள்ளைகளுக்கு ராஜபாளையத்தில் அதற்கு மேல் போக்கிடமும் கிடையாது.

சண்டை அவன் தங்கை அன்னாளின் கல்யாணத்தைப் பற்றியது. மாப்பிள்ளை பால்துரை, எலியேசர் பிட்டராக இருக்கிற அதே மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்கு. எலியேசரின் சிநேகிதன். சம்பந்தத்தைக் கொண்டுவந்தவனும் எலியேசர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ரிஜிஸ்தர் ஆபீஸில் ஒரு கையெழுத்து, பிறகு ஒரு டீ பார்ட்டி, அவ்வளவு போதும் என்றான்.

அவன் தாய் ஞானரத்தினம் காதில் அது ஏறவில்லை. செத்துப்போன உபதேசியாருடைய பெண்சாதி அவள். வேதக்கோயிலில் மூன்று ஞாயிறு பாதிரியாரான அய்யர் ஓலை வாசித்து, கல்யாணத்துக்குத் தடை உண்டா என்று சபையைக் கேட்க வேண்டும், நாலாம் வாரம் கல்யாணம் என்று ஒரே பிடியாக நின்றாள்.

"கரண்டு வந்திருச்சு, ரயிலு வந்திருச்சு, மில்லு வந்திருச்சு. ஆஸ்பத்திரி இருக்கு, கோர்ட்டு இருக்கு. இந்தக் காலத்துல இன்னும் கோயில் எதுக்கும்மா?" என்று கேட்டுத்தான் அவன் தட்டைத் தள்ளினான்.

"ஒங்கப்பா கட்டின கோயில்லே அது!" என்று மட்டும் கத்தினாள் ஞானரத்தினம். அவன் அப்பா கட்டியது என்பது கொஞ்சம் கூடுதல். மனுஷர் சுமந்தது இருபது சட்டி சுண்ணாம்பு. அந்த இருபது சட்டியும் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்து இப்போது மணிக்கூண்டு வரைக்கும் வந்திருந்தது.

ஆனாலும் பிடிவாதத்தில் தாய் ஜெயித்தாள். அதற்குப் பிறகு இரண்டு ஓலை வாசித்தாயிற்று. இன்று மூன்றாவது.

விடிந்தது முதல் ஞானரத்தினத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. மற்ற ஆறு நாளும் ஊரை எழுப்புவது மில் சங்கு. ஞாயிற்றுக்கிழமை அது வாயை மூடிக்கொண்டிருக்கும். அன்றைக்குக் கோயில் மணியின் ராஜ்யம். மணி அடிக்கும்போதெல்லாம் தன் வீட்டு மணியை யாரோ ஊருக்கு இரவல் கொடுத்தது போல ஒரு பார்வை பார்ப்பாள்.

"ஏமண்டி ஞானரத்தினம்மா, இன்னிக்கு மூணாவதா?" என்று அடுத்த வீட்டு வெங்கம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். தெலுங்கு பேசுகிற ராஜாக்கள் வீட்டு அம்மாள். தேவதானத்துப் பக்கம் வயல் இருக்கிறது. வாய் அதைவிடப் பெரிது.

"ஆமா, மூணாவது."

"மூணு வாரம் எதுக்கம்மா கேக்கிறது? ஒரு தடவ கேட்டா காது கேக்காதா?"

"அது எங்க முறைம்மா. ஊருக்கே தெரிஞ்சு நடக்கணும்லா?"

ஊருக்குத் தெரியாமல் போகும் என்று ஞானரத்தினம் பயப்பட வேண்டியதில்லை. முதல் ஓலை வாசித்த அன்று மத்தியானமே வெங்கம்மா வீட்டு வண்டியில் ஏறி அந்தச் செய்தி தேவதானத்து வயலுக்குப் போய்விட்டது.

உள்ளே எலியேசர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். இன்றைக்கு அவன் முகத்தில் சண்டைக்காரக் களை இல்லை. வேறு ஏதோ ஒரு கலக்கம்.

"யம்மா, ரெண்டு ஓலை வாசிச்சாச்சில்ல. மூணாவதை விட்ருங்கன்னு அய்யர்கிட்ட சொன்னா என்ன?"

"ஏலே, மூணு முடிச்சுல ஒண்ணக் கொறைப்பாவளா? அது மாதிரில்லா இது."

"சும்மா கேட்டேன்."

"ஒனக்கு ஏன்லே இப்படி வேர்க்கு?"

"இஸ்திரிப் பெட்டிச் சூடு" என்றான்.

அன்னாள் கண்ணாடி முன்னால் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. தினமும் ரயிலில் போய் வருகிறவள். பால்துரை வாங்கிக் கொடுத்த பவுண்டன் பேனாவால்தான் இப்போது வருகைப் பதிவு எழுதுகிறாள். அண்ணன் பேச்சைக் கண்ணாடிக்குள்ளேயே கவனித்தாள். பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினாள்.

*

கோயில் வாசலுக்கு மாப்பிள்ளை வீட்டார் முன்னதாகவே வந்துவிட்டார்கள். வீட்டார் என்றால் பால்துரையும் அவன் சித்தி ஜெபமணியும். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்தவள் அவள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். வந்ததிலிருந்து அவள் மூக்கு ஒரு நிலையில் நிற்கவில்லை.

"எங்க ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில்ல பொம்பளைகளுக்கும் பெஞ்சி உண்டு" என்றாள், உள்ளே பெண்கள் பக்கம் விரித்திருந்த பாயைப் பார்த்து.

ஞானரத்தினத்துக்குச் சுருக்கென்றது. பெஞ்சியைக் காட்டி மடக்க முடியாது. வேறு எதையாவது காட்டியாக வேண்டும். அந்தச் சமயத்தில்தான் அவள் கண்ணில் அந்த அம்மாள் பட்டாள்.

வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். முழங்கால் வரைக்கும் செம்மண். கோழி கூப்பிடுகிற நேரத்துக்குக் கிளம்பி நடந்து வந்தவள் என்று காலே சொன்னது. கோயில் படியையும் உள்ளேயும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வாங்கக்கா, உள்ள வாங்க!" ஞானரத்தினம் ஜெபமணிக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "ஏன் வெளிய நிக்கிய? எங்க கோயில்ல நீ ஆரு, எந்தத் தெருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவ. வாங்க."

"காலெல்லாம் மண்ணாக் கெடக்கு தாயி."

"கழுவிக்கிடலாம். அந்தா தண்ணி இருக்கு."

தானே செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பெண்கள் பக்கம் முதல் பாயில், தனக்கும் ஜெபமணிக்கும் நடுவில் உட்கார வைத்தாள். பெஞ்சி இல்லாத குறை தீர்ந்தது.

"ஆரு இது, ஒங்களுக்குச் சொந்தமா?" ஜெபமணி சேலையை ஒதுக்கிக்கொண்டாள்.

"இங்க வாரவிய எல்லாரும் சொந்தந்தான்" என்றாள் ஞானரத்தினம். சொல்லி முடித்ததும் அது தனக்கே ரொம்பப் பிடித்துப்போய், இன்னொரு தடவை யாராவது கேட்க மாட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

அந்த அம்மாள் தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மெல்லக் கேட்டாள். "தாயி, நான் மாரியாத்தா. தேவதானம். அய்யரு கேக்கையில நானும் ஒரு வார்த்தை பேசலாமா? வெளியூருக்காரி பேசுனா வைய மாட்டாகளே?"

வெளியூர்க்காரர்கள் வந்து பேசுவது அந்தக் கோயிலுக்குப் புதிது இல்லை. காய்ச்சல், பிரசவம், காணாமல் போன பிள்ளை என்று எந்த மதத்துக்காரர் வந்து சொன்னாலும் அய்யர் ஆராதனை நடுவிலேயே நிறுத்தி ஜெபம் பண்ணுவார். பாதிரியாரை அங்கே அய்யர் என்றுதான் சொல்வார்கள். போன மாசம் சுந்தரபாண்டியத்திலிருந்து ஒருத்தர் உழவு மாட்டுக்கு நோவு என்று வந்தார். அய்யர் மாட்டுக்கும் சேர்த்து ஜெபித்தார். மாடு பிழைத்தது. இதுவும் அப்படி ஏதோ ஒன்று என்றுதான் ஞானரத்தினம் நினைத்தாள்.

"தாராளமாப் பேசுங்க. சத்தமாப் பேசுங்க. எங்க அய்யருக்குக் காது செத்த மந்தம்."

*

தேவஇரக்கம் அய்யர் ஆள் சிறிய ஆள். இழுப்பு உண்டு. அவர் பிரசங்கத்தில் முதலில் தூங்குகிறவன் கோயில்பிள்ளை தவசிமுத்து, கடைசியில் எழுகிறவனும் அவன்தான். மணி அடிப்பது, விளக்குத் துடைப்பது, பாய் விரிப்பது எல்லாம் அவன் பொறுப்பு என்பதால் தூக்கத்தையும் பொறுப்பாகவே செய்வான்.

பாட்டு முடிந்தது. அய்யர் நோட்டைப் பிரித்தார். ஞானரத்தினம் முதுகை நிமிர்த்தினாள். அன்னாள் பாயின் கோரையை விரலால் நெருடினாள். ஆண்கள் பக்கம் பால்துரை காலரைச் சரிசெய்தான்.

"இந்தச் சபையைச் சேர்ந்த அன்னாளுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் சபையைச் சேர்ந்த பால்துரைக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது. இது மூன்றாம் ஓலை. தடை அறிந்தவர்கள் இருந்தால் இப்போது சொல்லலாம்."

பிறகு வழக்கம்போல் ஒரு மூச்சு விட்டார். அந்தக் கோயிலில் நாற்பது வருஷமாக எத்தனையோ ஓலை வாசித்திருக்கிறார்கள். அந்த ஒரு மூச்சு நேரத்தில் பிள்ளைகள் இருமும், கிழவர்கள் தொண்டையைச் செருமுவார்கள். அதற்கு மேல் எதுவும் நடந்தது கிடையாது.

"இருக்குதுங்க சாமி."

தவசிமுத்து விழித்துக்கொண்டான்.

மாரியாத்தாள் எழுந்து நின்றாள். முந்தானை தலையிலிருந்து நழுவியது. அதுவரை காலரோடு போராடிக்கொண்டிருந்த பால்துரை திரும்பிப் பார்த்தான். அவன் கை காலரிலேயே நின்றுவிட்டது.

"இவரு எங்கூர்ல நெல்லு மில்லுல கணக்கு எழுதுனாரு. மூணு வருசம் இருந்தாரு. எம்மக கருத்தம்மாவுக்குப் பிள்ளையார் முன்னால தாலி கட்டுனாரு. ஊரே சாட்சி. பொண்ணு ஒண்ணு இருக்கு, ரெண்டு வயசு. பாளையத்துல வேலைன்னு சொல்லிட்டு வந்தாரு. பொறவு வரல."

எல்லோரும் விசிறியை மடியில் போட்டுவிட்டார்கள்.

"ராஜா வீட்டு வயல்ல நாத்து நடுகையில வண்டிக்காரன் சொன்னான், இன்னாருக்குக் கல்யாணம், பாளையத்துக் கோயில்ல மூணு தடவ தடை கேப்பாகன்னு. அதான் வந்தேன். எனக்கு மருமகன இழுத்துட்டுப் போகணும்னு இல்ல சாமி. இன்னொரு பிள்ளை தெரியாமக் கழுத்த நீட்டிரக் கூடாது. எம்மகளுக்கு நாங்க இப்பிடி ஒரு வார்த்தை கேட்டு விசாரிக்கல. கேட்டிருந்தா அவ தப்பிச்சிருப்பா."

ஜெபமணி துள்ளி எழுந்தாள். "அய்யரே! சபையில இல்லாதவ ஒருத்தி வந்து வாய்க்கு வந்ததச் சொன்னா, நல்ல காரியத்த நிறுத்திருவீயளா?"

அய்யர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இழுப்பு லேசாகக் கேட்டது.

"தடை உண்டான்னு கேட்டவன் நான். உண்டுன்னு சொல்லுது இந்தம்மா. சபையில இருக்குத நாம நாப்பது வருசத்துல ஒரு தடை சொன்னதில்லயே அம்மா. ஒக்காருங்க." பிறகு ஆண்கள் பக்கம் திரும்பினார். "பால்துரை, இந்தம்மாவத் தெரியுமா?"

பால்துரை எலியேசரைப் பார்த்தான். தண்ணீரில் மூழ்குகிறவன் கரையில் நிற்கிறவனைப் பார்க்கிற பார்வை அது.

எலியேசர் எழுந்தான். கைக்கடிகாரம் கட்டிய கையை நீட்டிப் பேசினான். வாசகசாலையில் பேசிப் பழகிய பேச்சு.

"அய்யரே, இது தடையே இல்ல. வேதக்காரன் வேற மதத்துப் பிள்ளைக்குத் தாலி கட்டினா, சட்டப்படி அது கல்யாணமே கிடையாது. ரிஜிஸ்தர் ஆபீஸ்ல போன மாசமே கேட்டாச்சு. கையெழுத்துப் போடலாம்னு சொல்லிட்டாவ."

போன மாசமே.

அந்த ஒரு சொல் சபையில் பாதிப் பேருக்கு எட்டவில்லை. எட்ட வேண்டிய இரண்டு பேருக்கு எட்டிவிட்டது. ஞானரத்தினம் மகனை நிமிர்ந்து பார்த்தாள். அன்னாள் கோரையை நெருடுவதை நிறுத்தினாள்.

"ஒன் சட்டம் தப்புன்னு நான் சொல்லலைலே" என்றார் அய்யர். "ஆபீஸ்காரன் காகிதத்தப் பாப்பான். அவன் வேலை அது, பாக்கட்டும். நான் மூணு வாரமாக் காகிதம் கேக்கல. ஆளக் கேட்டேன். ஆளு வந்திருக்கு. மூணு வாரம் எதுக்கு வச்சிருக்காவன்னு நெனைக்க? சேதி தேவதானம் வரைக்கும் போய், அங்க இருந்து ஒரு ஆளு நடந்து வாரதுக்கு."

எலியேசர் வாயைத் திறந்தான். வாசகசாலையில் இதற்கு யாரும் பதில் எழுதி வைத்திருக்கவில்லை. உட்கார்ந்தான்.

"அய்யரே, நான் ஒண்ணு கேக்கலாமா?"

பெண்கள் பக்கமிருந்து வந்த குரல். அந்தக் கோயிலில் பெண்கள் பாடுவார்கள், அழுவார்கள், அடுத்தவள் சேலையை விலை மதிப்பார்கள். ஆராதனை நடுவில் எழுந்து கேள்வி கேட்டவள் கிடையாது. ஒரே நாளில் இரண்டாவது பெண் எழுந்து நின்றாள். அன்னாள்.

"கேளும்மா" என்றார் அய்யர்.

அவள் பால்துரையைப் பார்த்தாள். வகுப்பில் பெயர் கூப்பிடுகிற குரல், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பிள்ளை பேரு என்ன?"

பால்துரை தலையைக் குனிந்துகொண்டான். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு அவன் தப்பியிருக்கலாம். ஆபீஸில் கேட்டிருந்தால் சொல்லியும் இருப்பான். இங்கே, முந்நூறு கண்ணுக்கு முன்னால், மேஜைமேல் வேதாகமம் திறந்து கிடக்க, அவனால் முடியவில்லை.

"ராகேல்" என்றான்.

ஜெபமணி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். ராகேல் அவளுடைய அக்காள். பால்துரையைப் பெற்றுப் போட்டுவிட்டுப் பத்தாம் நாள் செத்துப்போனவள்.

"அவுக ஆத்தா பேருன்னு அவருதான் வச்சாரு" என்றாள் மாரியாத்தாள். "எங்கூர்ல அந்தப் பேரு ஒருத்தர் வாயிலயும் நொழையாது. இருந்தாலும் அதச் சொல்லித்தான் கூப்புடுறோம்."

அன்னாள் ஓடிப்போவாள், விழுவாள், அலறுவாள் என்று பின்பாய்க்காரிகள் ஆளுக்கொன்றை எதிர்பார்த்துக் கழுத்தை நீட்டினார்கள். அவள் அய்யர் பக்கம் திரும்பினாள்.

"எம்பேர எடுத்திருங்க அய்யரே" என்றாள். "இந்த ஓலைய நிறுத்துனது தேவதானத்து அம்மான்னு நோட்டுல எழுதாதீங்க. நாந்தான் நிறுத்துனேன்."

அய்யர் நோட்டை மூடினார். "பால்துரை, வார ஞாயித்துக்கெழம நீ இங்க வந்து பதில் சொல்லணும். எனக்கில்ல. இவியளுக்கு." அவ்வளவுதான் சொன்னார். அன்று பிரசங்கம் கிடையாது. அடுத்த பாட்டுக்கு நம்பர் சொன்னார். சபை அன்றைக்குப் பாடிய பாட்டில் ஓட்டுக்குள்ளிருந்து அணில் இறங்கி ஓடியது.

*

ஞானரத்தினம் பாடவில்லை. மனசுக்குள் ஒரு பஸ் ரூட் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தெரியும். வெளிச்சம் போவதற்குள் சுந்தரபாண்டியத்துக்குத் தெரியும். ஓலை நின்ற பெண் என்று மகளுக்கு ஒரு பேர் வரும். இருபத்துநாலு வயசுக்குமேல் யார் வந்து கேட்பார்கள்? கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தது நானேதானே? காலுக்குத் தண்ணி வேற ஊத்தினேனே!

பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். எழுந்தபோது ஜெபமணி வழிமறித்தாள்.

"நீங்கதான அவளக் கூட்டியாந்து முன்னால ஒக்கார வச்சீய? இப்பம் ஒங்க மக நெலமையப் பாத்தீயளா?"

ஞானரத்தினம் மகளைப் பார்த்தாள். அன்னாள் பாயைச் சுருட்டிக்கொண்டே மாரியாத்தாளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பேச்சு வந்துவிட்டதா என்பது மாதிரி ஒரு கேள்வி. முதுகு வளையவில்லை. குரல் நடுங்கவில்லை. இந்தப் பிள்ளை எந்த ஆபீஸிலோ ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, நாலு வருஷம் கழித்து யாரோ சொல்லி இதைக் கேட்டிருந்தால்?

ஊரில் இப்போது பெரிய பெரிய கட்டடம் வந்துவிட்டது. மில்லுக்குள் போகப் பாஸ் வேண்டும். கோர்ட்டுக்குள் போக வக்கீல் வேண்டும். தேவதானத்திலிருந்து மண் காலோடு வருகிற ஒருத்தியை உட்கார வைத்து, உனக்குத் தெரிந்ததைச் சொல் என்று மூன்று தடவை கேட்கிற கட்டடம் இது ஒன்றுதான். அதில் இருபது சட்டி சுண்ணாம்பு தன் புருஷன் சுமந்தது. இருபது சட்டியேதான். அதுக்கு மேலே ஒரு சட்டியும் வேண்டாம், அதுவே போதும்.

"ஆமா, நாந்தான் கூட்டியாந்தேன்" என்றாள் ஜெபமணியிடம். "எங்க கோயில்ல அப்பிடித்தான். பெஞ்சிதான் இல்ல."

ஜெபமணியின் மூக்கு அன்றைக்கு முதல் தடவையாக ஒரு நிலைக்கு வந்தது.

பக்கவாட்டுக் கதவை ஞானரத்தினம் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு கையில் மகளையும் இன்னொரு கையில் மாரியாத்தாளையும் பிடித்துக்கொண்டு, தலைவாசல் வழியாக, கூட்டம் நிற்கிற இடத்திலெல்லாம் நின்று நின்று வந்தாள். "மத்தியானம் சாப்பாட்டுக்கு இவிய நம்ம வீட்டுக்குத்தான் வாராவ" என்று கேட்காதவர்களுக்கும் சொன்னாள். கூடிக்கூடிப் பேசவென்று ஒதுங்கி நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து அன்னாளிடம் "வாரோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கண்டிப்பான வாத்தியாரம்மாளிடம் லீவு கேட்கிற பாவனையில்.

*

மாப்பிள்ளை வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்குமென்று பதினைந்து பேருக்குக் கறி ஆக்கியிருந்தது. வாழை இலையில் மூன்று பேர்தான் உட்கார்ந்தார்கள். வெங்கம்மா சுவருக்கு அந்தப் பக்கம் நின்றே நான்காவது ஆளாகக் கலந்துகொண்டாள்.

"ஐயோ, எங்க வண்டிக்காரன் வாய் சும்மா இருக்காதேம்மா! கோபமா?"

"கோபமா? அவனுக்கு ஒரு எலைச் சோறு எடுத்து வச்சிருக்கேன், வந்து வாங்கிட்டுப் போவச் சொல்லுங்க" என்றாள் ஞானரத்தினம்.

மாரியாத்தாள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். வாய்க்குப் போகவில்லை. "ஒம் பிள்ளைக்கு நான் தீங்கு பண்ணிட்டேனா தாயி?"

"சாப்பிடுங்க ஆத்தா" என்று அன்னாள் அவள் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "எனக்கு மூணு வாரந்தான் போச்சு. கருத்தம்மா அக்காவுக்கு எம்புட்டுப் போயிருக்கு!" சொல்லும்போது அவள் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் பிசகியது. எழுந்து போய்ப் பையிலிருந்து பவுண்டன் பேனாவை எடுத்தாள். ஒரு காகிதத்தில் சுற்றி மாரியாத்தாளின் மடியில் வைத்தாள். "ராகேலுக்கு வச்சிருங்க. படிக்கப் போகையில ஆகும்."

ஞானரத்தினம் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். புகை இல்லாத அடுப்பு.

எலியேசரை இன்னும் காணவில்லை. அவனுக்காக வைத்த இலை அப்படியே கிடந்தது. அவன் வந்ததும் என்ன கேட்பது என்று அவள் மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தாள். மூன்றும் தொடங்குவது "போன மாசமே" என்பதில்தான்.

அப்போதுதான் தவசிமுத்து வாசலில் வந்து நின்றான். கோயில் பூட்டின சாவி இடுப்பில் தொங்கியது. ஓடிவந்திருக்கிறான். அவன் ஓடி யாரும் பார்த்தது கிடையாது.

"அம்மா, பால்துரைத் தம்பி போயிருச்சு. சித்திய ஸ்ரீவில்லிபுத்தூரு பஸ்ல ஏத்திட்டு, அது ஏறல. எதுத்தாப்புல தென்காசி ரோட்டு பஸ்ல ஏறிச்சு. நான் கண்டக்டர்ட்ட கேட்டேன். தேவதானத்துக்கு டிக்கெட் எடுத்திருக்காம்."

மாரியாத்தாள் இலையை விட்டு எழுந்தே விட்டாள். "எம்மகளும் பிள்ளையும் தனியா இருக்காக தாயி! அவரு அங்க எதுக்குப் போறாரு?"

திருந்திப் போகிறானா, தீர்த்துக்கட்டிவிட்டு வரப் போகிறானா? ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

"கைய கழுவுங்க ஆத்தா. அடுத்த பஸ் எத்தனை மணிக்குன்னு தவசிமுத்தண்ணன் சொல்லுவாரு. நானும் வாரேன்" என்றாள் அன்னாள்.

"ஏட்டி, நீ எதுக்கு?"

"அய்யர் என்ன சொன்னாவ? பதில் அவருக்கில்ல, எங்களுக்குன்னு சொன்னாவல்லா? அங்க சொன்னா அங்க போய்க் கேட்டுக்கிடுதேன்."

ஞானரத்தினம் ஒரு கணம் மகளைப் பார்த்தாள். பிறகு கொடியிலிருந்து தன்னுடைய பட்டுக்கரைச் சேலையை உருவினாள். கல்யாணத்தன்று உடுத்துவதற்கென்று மடித்து வைத்திருந்தது. உடுத்திக்கொண்டு, கதவைச் சாத்தினாள்.

படியில் எலியேசர் நின்றான். இஸ்திரி போட்ட சட்டை கசங்கி, முகம் வெளுத்து, கைக்கடிகாரம் இல்லாத மணிக்கட்டோடு. அது எங்கே போயிற்று என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

"யம்மா, இப்பம் நீங்க தேவதானத்துக்குப் போவாதீய."

"ஏன்லே?"

"அவன் எதுக்குப் போறான்னு எனக்குத் தெரியும்."

தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. வெங்கம்மா சுவரில் ஏறியே விட்டாள். ஞானரத்தினம் சாத்திய கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"தெரியுமா? அப்போ நீ முன்னால நட. வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வா. நாங்க மூணு பேரும் கேட்டுக்கிட்டே வாரோம்."

(தொடரும்)